பலா மரத்துக்கு வைத்த பெருங்காயம்

வீட்டை விற்பது என்று முடிவெடுத்த கொஞ்ச நாளிலேயே மனைவி என்னிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். வீடு பார்க்க வருகிறவர்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை நான் சட்டம் பேசக் கூடாது.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. வேலைக்காலம் முழுவதும் அரசாங்கக் கச்சேரியில் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் நான். ஒரு விதி இருக்கிறது என்று தெரிந்தால் அதை எதிரில் இருப்பவருக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. எங்கள் வீட்டைப் பற்றியோ விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. இரத்தோட்டைக்கு மேலே, மலைக்காடு தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கிறது அது. மாடி எழுப்ப அனுமதி வேண்டும். சரிவை வெட்ட அனுமதி வேண்டும். பெரிய மரங்களில் கை வைப்பதற்கு முன் பிரதேச செயலகத்தைக் கேட்க வேண்டும். கேட்டாலும் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். இதையெல்லாம் நான் ஆரம்பத்தில் தேத்தண்ணி வந்ததுமே ஒப்பித்துவிடுவேன். வந்தவர்கள் பாதிக் கோப்பையோடு எழுந்து போய்விடுவார்கள்.

"உங்களை வேலைக்கு வச்சது அரசாங்கம். பென்சன் குடுத்து அனுப்பியும் விட்டிருச்சு. இன்னும் யாருக்காகங்க பேசுறீங்க?" என்பாள் மனைவி.

விற்றே ஆக வேண்டியிருந்தது அவளுக்காகத்தான். பஸ் போகும் பாதையிலிருந்து எங்கள் வாசலுக்கு மலையில் வெட்டிய படிகளில்தான் ஏறி வர வேண்டும். ஆட்டோ ஏறாது, மோட்டார் சைக்கிளும் ஏறாது. அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. மாதத்தில் ஒருமுறை மாத்தளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு மட்டும் இறங்குவாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகக் கால் வைப்பாள். திரும்பி ஏறி வந்தால் அன்று முழுவதும் யாரோடும் பேச மாட்டாள். கோயில் இல்லை, கலியாண வீடு இல்லை, சந்தை இல்லை. மாத்தளை டவுனில் சமதரையில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தோம். அதன் சொந்தக்காரர் தீபாவளி வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் இது விற்றால் அது எங்களுக்கு.

அந்த நேரத்தில்தான் தரகர் தம்புள்ளையிலிருந்து ஒரு மரக்கறி முதலாளியைக் கூட்டி வந்தார். முதலாளி நல்ல பருமன். மூச்சு வாங்க ஏறி வந்து விறாந்தையில் உட்கார்ந்தார். குளிர் பிடித்திருந்தது, காற்று பிடித்திருந்தது, மனைவியின் தேத்தண்ணியும் பிடித்திருந்தது. நானும் வாயைத் திறக்காமல் சமர்த்தாக இருந்தேன். முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மலை எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அந்தப் பலாவுக்குப் பின்னால்" என்றேன்.

முற்றத்தின் நடுவே நிற்கும் அந்தப் பலா மரம் உண்மையில் ஒரு அடாவடிக்காரன். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப் பிடித்தாலும் கை எட்டாது. வருஷம் முழுவதும் இலையாய்க் கொட்டும். காய்க்கும் விஷயத்தில் மட்டும் ஒரே கஞ்சத்தனம். மலையை முழுதாக மறைத்துக்கொண்டு நிற்கும்.

முதலாளி எழுந்து நின்று இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார், வலப்பக்கம் சாய்ந்து பார்த்தார். பிறகு, "இந்த மரத்தை எடுத்துக் கொடுங்கள், மறுநாளே விற்பனை உறுதி எழுதுவோம். இங்கே தங்கும் சுற்றுலாக்காரர்கள் மலையைப் பார்க்கத்தானே வருவார்கள், மரத்தைப் பார்க்கவா?" என்றார்.

கோப்பையில் இன்னும் கால்வாசி தேத்தண்ணி இருந்தது. மனைவி என்னை முறைத்தாள். ஆனாலும் சொல்லிவிட்டேன். பலா மரத்தைப் பர்மிட் இல்லாமல் வெட்டுவது குற்றம் என்று சட்டத்தோடு சேர்த்து விளக்கமும் சொன்னேன். முதலாளி கோபப்படவில்லை. "அது உங்கள் பாடு, ஐயா. மரம் போனதும் சொல்லி அனுப்புங்கள்" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

தரகர் மட்டும் பின்தங்கி நின்றார். குரலைத் தாழ்த்தி, "ஐயா, பர்மிட் எல்லாம் எதுக்குங்க? மரம் தானாப் பட்டுப் போச்சுன்னா யாரு கேக்கப் போறாங்க? ஆணியால துளை போட்டு, உள்ளுக்குப் பெருங்காயத்தை வச்சு அடைச்சிருங்க. வேர் வரைக்கும் போயிரும்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "எங்க வந்து நின்னு என்ன பேசுற? கச்சேரிக்காரன் வீட்டு வாசல்ல நின்னு களவு சொல்லிக் குடுக்கிறியா?" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். எனக்குப் பெரிய திருப்தி. மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினியின் ஜன்னல் திறந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

மனைவி கெஞ்சியதால் முறைப்படி பர்மிட்டுக்கு விண்ணப்பித்தேன். பதில் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனை பேருக்கு அந்தப் பதிலை நானே தட்டச்சுச் செய்து அனுப்பியிருக்கிறேன்! ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் குற்றமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒருநாள் ரசம் சப்பென்று இருந்தது.

"பெருங்காயம் போடலியா?"

"முடிஞ்சு போச்சுங்க."

"போன கிழமைதானே பெரிய டப்பா வாங்கிட்டு வந்தேன்?"

அவள் அப்பளத்தை என் தட்டில் வைத்தாள். கேட்காமலே அப்பளம் வந்தால் எங்கள் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். கை கழுவ முற்றத்துக்குப் போனேன். ரசத்தில் இல்லாத மணமெல்லாம் முற்றத்தில் இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டே மரத்தைச் சுற்றினேன். பின்பக்கம், இடுப்பு உயரத்தில், சவர்க்காரம் வைத்து அடைத்த துளைகள் வரிசையாகத் தெரிந்தன. படி இறங்க முடியாதவள் சுத்தியலும் ஆணியுமாக அவ்வளவு நேரம் நின்றிருக்கிறாள்.

கத்தினேன். எனக்குத் தெரிந்த சட்டம் எல்லாவற்றையும் இழுத்துக் கத்தினேன். பாதுகாக்கப்பட்ட மரம், பாதுகாக்கப்பட்ட பகுதி, ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகத்தனின் பெண்சாதி. நாளைக்கு யாராவது வந்து கேட்டால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று கேட்டேன்.

அவள் குசினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நான் முடிக்கும்வரை கேட்டாள். பிறகு, "மரத்தைக் காப்பாத்த ஒரு சட்டம் வச்சிருக்கீங்க. நல்லது. என்னைத் தூக்கிட்டுப் படி இறங்க ஏதாவது சட்டம் இருக்குதாங்க?" என்றாள்.

அவள் பக்கம் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நான் விற்கப் பார்த்தது ஒரு வீட்டை. அவள் கேட்டுக்கொண்டிருந்தது வெளியே போக ஒரு வழி. இரண்டும் ஒன்று என்று நினைத்து இத்தனை நாளும் சாவகாசமாகச் சட்டம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் துளைகளைக் கம்பியால் தோண்டி வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மணம் போகவில்லை. ஈரம் பட்டதும் இன்னும் கூடியது. அந்த நேரம் பார்த்துப் படியில் குடை தெரிந்தது. ஜீ.எஸ். அம்மா, எங்கள் பிரிவின் கிராம உத்தியோகத்தர், பர்மிட்டுக்காக மரத்தைப் பார்க்க வந்துவிட்டார். நான் கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அவர் சின்ன வயதுக்காரி, சிங்களப் பெண், வேலையில் கெட்டி. மரத்தை அண்ணாந்து பார்த்தார். அடிமரத்தைக் கையால் தட்டினார். வீட்டுப் பக்கம் சாய்கிறதா என்று பார்த்தார். பின்பக்கம் போனார். போனவர் சற்று நேரம் வரவே இல்லை.

"இது என்ன மணம்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ரசம்" என்று குசினிக்குள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள். சிங்களத்தில் அவ்வளவு வேகமாக அவள் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

"ரசமா! எனக்கு இரண்டு நாளாகத் தடிமன், மூக்கடைப்பு. ஒரு கோப்பை கிடைக்குமா?"

வீட்டில் ஒரு சிட்டிகை பெருங்காயம் கிடையாது. மனைவி மிளகையும் சீரகத்தையும் உள்ளியையும் இடித்துப் போட்டு, பயத்தில் இன்னும் கொஞ்சம் மிளகும் போட்டு, கோப்பையில் கொண்டு வந்தாள். ஜீ.எஸ். அம்மா கண்ணில் நீர் வர ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்து, "நல்ல ருசி. ஆனால் அங்கே வந்த மணம் இதில் இல்லையே" என்றார். மனைவி தரையைப் பார்த்தாள், நான் வானத்தைப் பார்த்தேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்தார்.

"மரம் நன்றாக இருக்கிறது, ஐயா. வெட்ட நான் சிபாரிசு செய்ய முடியாது. அடுத்த முறை வரும்போதும் அது நன்றாகவே இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மரம் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் சொன்னால், அந்த முறை அடிமரத்திலிருந்து உச்சிவரை பிஞ்சு பிடித்தது. பெருங்காயத்தின் வேலையா, மழையின் வேலையா, தெரியாது. தம்புள்ளை முதலாளி வேறு இடத்தில் காணி வாங்கிவிட்டதாகத் தரகர் ஃபோனில் சொன்னார். நேரில் வர அவருக்கு இன்னும் பயம். மனைவி பலாப் பிஞ்சை வெட்டிப் பொலோஸ் கறி வைத்தாள். "கொல்லப் பாத்தவளுக்கே சோறு போடுது பாருங்க" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

புரட்டாசி பாதியில் மாத்தளையிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம் வருவதாகச் செய்தி வந்தது. கணவர் கராம்பு, மிளகு வியாபாரம், மனைவி பள்ளிக்கூட டீச்சர். வரும் அன்று காலையில் என் மனைவி, "இந்தத் தடவை எல்லாத்தையும் முதல்லயே சொல்லிருங்க. தேத்தண்ணிப் பாலாவது மிஞ்சும்" என்றாள். சத்தியத்திலிருந்து எனக்கு விடுதலை.

விட்டுவிடுவேனா? அவர்கள் விறாந்தையில் உட்காருவதற்கு முன்பே தொடங்கினேன். மாடி கட்ட முடியாது. சரிவை வெட்ட முடியாது. சுற்றுலாக்காரருக்குக் கபானா கிபானா எதுவும் போட முடியாது. அந்தப் பலாவைத் தொட முடியாது, தொட்டுப் பார்த்தாயிற்று. படிகள் வேறு இருக்கின்றன, முழங்கால் போனால் அவ்வளவுதான். எரிச்சலில் நான் சொன்ன விதத்தைக் கேட்டால் வீட்டை விற்பவன் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

டீச்சர் ஒரு பதிவாளரைப் போலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "சரி ஸேர், நாங்க கட்ட ஏலாது. பக்கத்துக் காணிக்காரங்க?"

"அவங்களும் கட்ட ஏலாது."

"முன்னுக்கு?"

"முன்னுக்கும் ஏலாது. காடு அது."

"ஒருத்தரும்?"

"ஒருத்தரும்தான்."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "டவுன்ல எங்கட ஊட்டுக்கு ஒட்டி மூணு மாடி எழுப்பிட்டாங்க ஸேர். குசினில பகல்லயும் லைட்டுப் போட்டுத்தான் சமைக்கிற. வெயில் பாத்து எத்தின காலம்! ஒருத்தரும் கட்ட ஏலாத இடமாத்தான் நாங்க தேடித் திரியிறோம்" என்றார்.

இவ்வளவு நாளும் வீட்டின் குறை என்று நான் ஒப்பித்ததெல்லாம் ஒருத்திக்கு வெயிலாக இருந்திருக்கிறது.

என் மனைவி மட்டும் நேர்மையை விடவில்லை. "தங்கச்சி, படியை நல்லா யோசிங்க. எனக்கும் உங்க வயசுல இது படியாவே தெரியல" என்றாள்.

"எங்களுக்கும் வயசு போகும்தான் தாத்தா. அப்ப நாங்களும் வித்துப் போட்டு எறங்கிருவோம்" என்றார் டீச்சர், அக்காவை அழைக்கும் அவர்கள் சொல்லால். கணவர் பலாவை அண்ணாந்து பார்த்து, "மாஷா அல்லாஹ், என்னா காய்!" என்றார்.

தீபாவளிக்கு முன்பே உறுதி எழுதி முடிந்தது. வீடு மாறும் அன்று, கதிரையில் வைத்துத் தூக்கி இறக்கத் தோட்டத்திலிருந்து ஆள் பேசியிருந்தேன். அவள் கதிரையில் உட்கார மறுத்துவிட்டாள். "இதுதானே கடைசி. நானே எறங்குறேன்" என்றாள். இறங்கினாள். கதிரை தூக்க வந்தவர்கள் வெறும் கதிரையோடு பின்னால் வந்தார்கள். நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். அவள் ஒருமுறை கூடப் பார்க்கவில்லை.

புது வீட்டில் முதல் காலை. நான் எழுந்தபோது அவள் இல்லை. குசினியில் இல்லை, கிணற்றடியில் இல்லை. முன்கதவு திறந்து கிடந்தது. எத்தனையோ வருஷமாக நான் இல்லாமல் அவள் வாசலைத் தாண்டியதில்லை. சட்டையைப் புரட்டி மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

ரோட்டு ஓரமாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வழி விட்டு விட்டு, மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தாள். கையில் பை இல்லை, குடை இல்லை, ஒன்றுமே இல்லை.

"சொல்லாமக் கொள்ளாம எங்க போன?" என்று நடுரோட்டில் கத்தினேன்.

"ஒரு இடத்துக்கும் இல்லீங்க" என்றாள். "சும்மா போனேன்."