கெஜக்கோல் கட்டிய கால்

துணி அளக்கிற கெஜக்கோலைக் காலுக்கொன்றாக வைத்து, முழங்கால் மடங்காதபடி துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பூவனநாதன் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் குளியலறை வாசலில் நிற்கிறார். உள்ளே போக வேண்டும். வாசலில் செங்கல் உயரத்துக்கு ஒரு தடுப்பு. வலது காலைத் தூக்கிப் பார்க்கிறார். அது முன்னால் போகிறதே தவிர மேலே போக மாட்டேன் என்கிறது. பக்கவாட்டில் வீசிப் பார்த்துக் கதவு நிலையில் நன்றாக இடித்துக்கொள்கிறார். பிறகு, துணியில் குறி போடும் சாக்கட்டியை மடியிலிருந்து எடுத்து, குனிய முடியாமல் குனிந்து, தடுப்பின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுகிறார்.

“இது ஆகாது கிட்டு. பத்திரகாளியக்கா வந்தா இங்கனயே நின்னுருவா. ஒரு பலகையச் சரிவா அடிச்சுப் போட்டிரு.”

கிட்டு அந்த லாட்ஜின் மேனேஜர். முதல் வருடம் இவர் விறைத்த காலோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, பாவம், நல்ல மனிதருக்கு இப்படி ஒரு சங்கடமா என்று ஓடிப்போய்க் கைத்தாங்கலாகப் பிடித்தவர். அறைக்குள் போனதும் பூவனநாதன் வேட்டியைத் தூக்கிக் கட்டைகளை அவிழ்த்து ஓரமாகச் சாத்திவிட்டு, சாதாரணமாக நடந்துபோய்க் காப்பி சொன்னார். கிட்டுவுக்கு அன்று வந்த திகைப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

கோவில்பட்டிக் கடைத்தெருவில் பூவனநாதனின் ஜவுளிக்கடை. நாகலாபுரம், குளத்தூர்ப் பக்கத்து ஆட்கள் மிளகாய் வத்தல் விற்ற கையோடு வந்து சேலை எடுக்கிற கடை. மீட்டர் வந்ததும் வேலையற்றுப் போன அப்பா காலத்துக் கெஜக்கோல்கள் இரண்டு பரணில் கிடந்தன. அவற்றுக்கு இப்படி ஒரு மறுவாழ்வு கொடுத்தவர் இவர்தான். முட்டு மடங்காத சொந்தக்காரர்கள் இவருக்கு வாய்த்த அளவுக்கு ஊரில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. அக்காள் பத்திரகாளிக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. ஆளும் நல்ல கனம். அக்காள் புருஷன் தங்கப்பாண்டியன் அத்தானுக்கு இடது பக்கம் வாதம். இவர்களை எங்கே கூட்டிப்போவதானாலும், கல்யாண வீடோ கோயிலோ, முதலில் பூவனநாதன் கட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு நடை நடந்து பார்த்துவிடுவார். நல்ல காலை வைத்துக்கொண்டு பார்த்தால் படி எங்கே இருக்கிறதென்றே கண்ணுக்குத் தெரியாது என்பது அவர் கட்சி. கடைத்தெருவில் இவருக்கு ஒத்திகை அண்ணாச்சி என்று பெயர்.

அவர் மனைவி செண்பகவல்லிக்கு இந்த ஒத்திகை அறவே பிடிக்காது. வீட்டுக்குள்ளேயே கட்டையோடு பழகிப் பார்த்தபோது ஆட்டுரலில் தட்டி விழுந்து ஒரு படி மாவைக் கவிழ்த்தவர் என்ற மனத்தாங்கல் அவளுக்கு உண்டு. “காலு இல்லாதவியளே சும்மா இருக்காவ, இவியளுக்கு இருக்குத காலு உறுத்துது” என்பாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்தத் தடவை ஒத்திகை கொஞ்சம் அதிகமாகவே நடந்தது. அதற்குக் காரணம் போன வருடம். ஆடிச் சாரலில் வேன் பிடித்து எல்லோரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார் பூவனநாதன். லாட்ஜில் எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்தது. அருவியை மட்டும் அவர் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. பேரருவிக் கூட்டத்தைப் பார்த்ததும் அக்காள் வேனை விட்டு இறங்க மறுத்துவிட்டாள். மற்றவர்கள் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்தார்கள். கூட வந்த புண்ணியவதி ஒருத்தி அருவித் தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் பிடித்துவந்து, வேன் ஜன்னல் வழியாக அக்காள் தலையில் ஒரு செம்பு ஊற்றினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் பூவனநாதனுக்கு இப்போதும் சோறு இறங்காது.

ஊருக்குத் திரும்பி வீட்டு வாசலில் இறங்கியதும் அக்காள் சொன்னாள்: “ஒன்னைய இடுப்புல வச்சுச் சொமந்துதாம்லே எனக்கு முட்டு போச்சு. அதுக்கு நீ ஒரு செம்புத் தண்ணிய ஊத்திட்ட. அடுத்த வருசம் ஒரு தடவ வாரேன். அப்பவும் வண்டியிலயே உக்கார வச்சியன்னா, அதுக்கப்புறம் நல்லது பொல்லது எதுக்கும் என்னையக் கூப்பிடக் கூடாது.”

பத்திரகாளி சொன்னால் சொன்னதுதான். ஒரு கல்யாணத்தில் பந்தியில் கடைசியாக உட்கார வைத்துவிட்டார்கள் என்று ஒரு சம்பந்தி வீட்டு வாசலையே மிதிக்காமல் இருக்கிறவள். அக்காள் வராத வீட்டு விசேஷத்தைப் பூவனநாதனால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

ஆகவே சீசன் தொடங்கும் முன்பே குற்றாலத்துக்கு இரண்டு மூன்று தடவை போய்வந்தார். இந்தத் தடவை தரைத்தளத்தில் வேறு அறை பிடித்தார். கட்டில் தாழ்வாக இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று கால்களுக்குச் செங்கல் வைக்கச் சொன்னார். கட்டிலிலிருந்து குளியலறை வரை பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கயிறு கட்டவைத்தார். கக்கூஸில் குத்தவைக்க முடியாதவர்களுக்காகத் தச்சரிடம் சொல்லி, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று செய்துகொண்டார். அருவிக்குத் தனியாக இன்னொரு நாற்காலி. அதன் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, எண்ணெய் தேய்த்துவிடும் குருசாமியையும் அவர் ஆட்கள் மூன்று பேரையும் தூக்குவதற்குப் பேசி வைத்தார். பேரருவி வேண்டாம், புலியருவிதான் சரி. தண்ணீர் சாதுவாக விழும், விடிந்ததும் போனால் கூட்டமும் இருக்காது. நாற்காலியில் ஒரு பருத்திக்கொட்டை மூட்டையை வைத்துக் கட்டி, படியிறங்கித் தண்ணீர் வரைக்கும் தூக்கிப் போகச் சொல்லிப் பார்த்தார். மூட்டை சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்தது. நாற்காலியைத் தூக்கி முடிக்கிற வரைக்கும் எண்ணெயைத் தொடக் கூடாது என்று குருசாமியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார்.

கடைசி ஒத்திகையின்போது கிட்டு ஒன்றைக் கவனித்தார். அண்ணாச்சி அதே விறைத்த நடைதான் நடக்கிறார். ஆனால் கெஜக்கோல்களைக் கொண்டுவரவில்லை. கேட்டதற்கு, “பழகிப்போச்சுல்லா, கட்டை இல்லாமலே வருது” என்றார் பூவனநாதன். எதையும் விடாமல் செய்தால் எப்படிக் கைவந்துவிடுகிறது பார் என்று கிட்டு சமையற்காரரிடம் சொல்லி வியந்தார்.

புறப்பட்ட அன்று ஓட்டை நாற்காலிதான் பெரிய பிரச்சினை. அது இல்லாமல் அக்காள் வர முடியாது; அது வெளியே தெரிந்தால் அக்காள் வர மாட்டாள். பூவனநாதன் அதைக் கடையிலிருந்த புதுப் பட்டுத் துணியால் சுற்றி, ரிப்பன் கட்டி வேனின் உச்சியில் ஏற்றினார். சங்கரன்கோவிலில் காப்பிக்கு நிறுத்தியபோது, என்ன சீர்வரிசையா, எந்த ஊருக்குப் போகிறது என்று ஒரு அம்மாள் ஆசையாக விசாரித்தாள். “குத்தாலத்து மாப்பிள்ளைக்கு” என்றாள் பத்திரகாளி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். தங்கப்பாண்டியன் அத்தானுக்குப் புரையேறிக் காப்பி முழுவதும் சட்டையில் சிந்தியது.

லாட்ஜில் அக்காள் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தாள். பலகையில் கால் வைத்து ஏறினாள், கயிற்றைப் பிடித்து நடந்தாள், கட்டிலில் உட்கார்ந்து எழுந்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல், தலையணை கனமாக இருக்கிறது என்றாள். பூவனநாதனுக்கு அதுவே பாராட்டுப் பத்திரம்.

மறுநாள் காலை புலியருவி. சாரல் மெல்லத் தூறிக்கொண்டிருந்தது. மூங்கில் கட்டிய நாற்காலியைக் கொண்டுவந்து வேன் பக்கத்தில் வைத்து, முன்னால் இரண்டு பேரும் பின்னால் இரண்டு பேருமாகக் குருசாமியும் அவர் ஆட்களும் நின்றார்கள். வேன் கதவைத் திறந்த அக்காள் நாற்காலியைப் பார்த்தாள், மூங்கிலைப் பார்த்தாள், ஆட்களைப் பார்த்தாள். மறுபடி கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூவனநாதன் ஜன்னலில் போய் நின்றார்.

“மூங்கிலு, முன்னால ரெண்டு பேரு, பின்னால ரெண்டு பேரு. எங்கலே கொண்டுபோகப் போற என்னைய?” என்றாள் அக்காள். “அவியளுக்கு முன்னால சுமங்கலியாப் போகணும்னு கும்பிடத்தான் செய்யுதேன். அதுக்காக இன்னிக்கேவா?”

தங்கப்பாண்டியன் அத்தான் முன் சீட்டில் இருந்தபடியே, அப்படி ஒன்றும் அவசரமில்லை என்று சொல்லிவைத்தார்.

பூவனநாதன் அப்படியே இடிந்துபோனார். செங்கல் உயரத் தடுப்பிலிருந்து தலையணை வரை யோசித்தவருக்கு இது தோன்றவில்லை. பருத்திக்கொட்டை மூட்டைக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் அதுவும் சொல்லவில்லை. நம் பக்கத்தில் மனிதரை மூங்கிலில் வைத்து நாலு பேர் தூக்கினால் அது ஒரே ஒரு இடத்துக்குத்தான் என்பது கோவில்பட்டியில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். மூன்று பேராகத் தூக்கிப் பார்த்தார்கள். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குளித்து முடித்தவர்கள் ஒவ்வொருவராக வேனுக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருத்தி, போன வருடத்து அதே புண்ணியவதி, வாளியைத் தேடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் பூவனநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“யக்கா, அஞ்சு பேரு தூக்குனா?”

அக்காள் யோசித்தாள். தான் பார்த்த சாவுகளையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து எண்ணிப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது; அவ்வளவு நேரமாயிற்று.

“அஞ்சு பேரு தூக்கி நான் பாத்ததில்ல” என்று சொல்லிக் கதவைத் திறந்தாள்.

ஐந்தாவது ஆள் பூவனநாதன். நாற்காலியின் முதுகைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஊர்வலம் படியிறங்கியது. ஐந்தாவது ஆள் சேர்ந்த பிறகு கனம் குறைவதற்குப் பதில் கூடியிருக்கிறதே என்று குருசாமி முனகினார். பூவனநாதன் நாற்காலியைத் தூக்கினாரா, நாற்காலி அவரைத் தூக்கிற்றா என்பது பின்னால் வந்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

தண்ணீர் சிதறி விழுகிற ஓரத்தில் ஒரு தட்டைப் பாறை. அதில் அக்காளை இறக்கி உட்கார வைத்தார்கள். முதல் வீச்சு தலையில் விழுந்ததும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அடுத்ததில் சிரித்தாள். இது போன வருடத்துச் சிரிப்பு இல்லை. வாயில் தண்ணீர் போவது தெரியாமல், கொண்டை அவிழ்ந்து முகத்தில் ஒட்டிக்கிடக்க, சிறு பெண் மாதிரிச் சிரித்தாள். பூவனநாதன் கடைசிப் படியில் துண்டும் சீயக்காய்க் கிண்ணமுமாக நின்று, அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் இத்தனை பேரைக் குளிக்க வைத்தும், அவர் மட்டும் அருவியில் தலை நனைத்ததில்லை. யாராவது துண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்பார்.

அக்காள் சீயக்காய் கேட்டாள். அவர் கிண்ணத்தோடு, வழுக்குப் பாறையில் விறைத்த காலை இழுத்து இழுத்து வந்தார்.

“இங்க வந்துமா ஒத்திகை? கட்டைய அவுத்துட்டு வந்து குளிலே” என்று சொல்லி, அக்காள் அவர் முழங்காலில் விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினாள். மரச் சத்தம் வரவில்லை. அடுத்த காலிலும் தட்டிப் பார்த்தாள். வேட்டிக்குள் கால்தான் இருந்தது, அது மடங்கவில்லை.

“கட்டை எங்கலே?”

“கட்டல.”

“எப்பருந்து கட்டல?”

பூவனநாதன் அத்தானுக்குத் துண்டு வேண்டுமோ என்னவோ என்று மேலே பார்த்தார். அக்காளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முட்டு வீணாய்ப்போன அதே மாதிரி இவனுக்கும் போயிருக்கிறது. இவ்வளவு நாளும் ஒத்திகை என்று சொல்லி ஊரையே நம்பவைத்திருக்கிறான். அவள் முகத்தைத் தண்ணீரில் காட்டினாள். முகத்தில் வழிந்தது அருவியா வேறா என்று சொல்ல முடியவில்லை.

பிறகு குருசாமியைக் கூப்பிட்டு, நாற்காலியைக் கொண்டுவந்து இவனை உட்கார வைத்துத் தண்ணிக்குள்ளே தூக்கி வரச் சொன்னாள். பூவனநாதன் வேண்டாம் என்று பின்வாங்கப் பார்த்தார். பின்வாங்குவதற்கும் முழங்கால் மடங்க வேண்டுமே. நாலு பேரும் அவரை அலாக்காக நாற்காலியில் உட்கார வைத்து மூங்கிலில் கை வைத்தார்கள்.

“யக்கா, நாலு பேருதான் இருக்காவ” என்றார் அவர்.

பத்திரகாளி சீயக்காய் அப்பியிருந்த கையை அருவியில் அலசினாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி, நாற்காலியின் முன்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.