கண் ஏறிய வண்டி

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவன் "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது. சத்தமில்லாமல் நழுவிவிட வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த மரியாதை இது. என் பழைய காருக்குத்தான் தெரியவில்லை.

சேரன்மகாதேவியில் ஒரு கத்திரி வெயில் மதியம். இறந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். கண்களைத் தானமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தார். கண் வங்கி ஆட்களை இப்படிப்பட்ட வீடுகளுக்கு என் காரில் கூட்டிப்போவது நான் விரும்பிச் செய்கிற வேலை. கண் எடுக்கப் பயிற்சி பெற்ற பெண் வேலையை முடித்துவிட்டு, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். நான் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை.

வாசலில் நின்ற வாத்தியாரின் தம்பி இதற்காகவே காத்திருந்தவர்போல ஆரம்பித்துவிட்டார். "பாத்தியளா? கண்ணில்லாம அனுப்புனா அடுத்த பொறப்புல குருடாப் பொறப்பான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தான? இப்ப அண்ணனுக்கே போக மனசில்ல." வாத்தியாரின் மனைவி முகம் வெளிறி நின்றார். கணவரின் சொல்லைக் காப்பாற்ற உறவையெல்லாம் எதிர்த்து நின்றவர். அது என் ஓட்டை வண்டியால் அல்லவா சந்தி சிரிக்கப்போகிறது! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வண்டியை அப்படியே ஆற்றில் தள்ளியிருப்பேன்.

"அண்ணாச்சி, ஐஸ் கரைஞ்சுக்கிட்டே வருது. சூடு பட்டுட்டா கண்ணு வீணாப் போயிரும்" என்றாள் அந்தப் பெண். தெரிந்த ஆட்டோக்காரனுக்குப் போன் போட்டால், வீரவநல்லூரில் சவாரியில் இருக்கிறேன் என்கிறான்.

இந்தச் சனியன் வெயிலில் மக்கர் பண்ணுவது புதிதல்ல. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் சாயங்காலக் காற்றில் நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆகும். "கோளாறு ஒமக்குத்தான் வே, வண்டிக்கு இல்ல" என்று அவர் சிரிப்பார். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு பைய யோசித்தேன். சாவியைப் பாதி திருப்பினால் பம்ப் முனகுகிறது, பெட்ரோல் வருகிறது. இஞ்சின் வேகமாகவே சுற்றுகிறது, பேட்டரியில் குறையில்லை. அப்போதுதான் பார்த்தேன். இஞ்சின் அத்தனை சுற்று சுற்றியும், டேஷ்போர்டில் சுற்று காட்டுகிற முள் மட்டும் அசையவே இல்லை. இஞ்சின் சுற்றுவது வண்டிக்கே தெரியவில்லை!

அதைப் பார்த்துச் சொல்ல இஞ்சினின் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சார் உண்டு. அது பார்த்துச் சொன்னால்தான் தீப்பொறி விழும். சூடேறினால் அதற்குள் இருக்கும் மெல்லிய கம்பி விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும் என்று எப்போதோ போனில் வீடியோ பார்த்த ஞாபகம். எனக்குப் புல்லரித்துவிட்டது. இரண்டு கண்களைச் சுமந்துகொண்டு நிற்கிற வண்டிக்கும் கண்தான் அவிந்திருக்கிறது.

"கொஞ்சம் ஐஸ் குடு தாயி" என்றேன்.

அவள் பெட்டியை இறுகக் கட்டிக்கொண்டாள். "உயிரே போனாலும் தரமாட்டேன் அண்ணாச்சி."

அவள் சொல்வது நியாயம். ஆனால் சாவு வீட்டைவிட்டுக் கிளம்பியவன் தண்ணீர் கேட்டு மறுபடி எப்படிப் படியேறுவான்? "பச்சத் தண்ணி கெடச்சாலும் போதும்" என்று எனக்கு நானே முணுமுணுத்தேன்.

அது வாத்தியாரின் மனைவி காதில் விழுந்துவிட்டது. உள்ளே போனார். வாத்தியாரைக் குளிப்பாட்டத் தாமிரபரணியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த நீர்மாலைக் குடத்தில் ஒரு செம்பு மொண்டு வந்தார்.

"மதினி! அது அண்ணனுக்கு வச்ச தண்ணில்லா!" என்று கொழுந்தன் பதறினார்.

"இதுவும் அவுகளுக்குத்தான்."

பானட்டைத் திறந்து, துண்டை நனைத்து, கையைச் சுட்டுக்கொண்டு, சென்சாரின் மேல் வைத்து வைத்துப் பிழிந்தேன். செம்பு காலியானதும் துண்டை உருவிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முள் துள்ளியது. இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஏ அப்பா! தாமிரபரணித் தண்ணீருக்குக் கண் திறக்கத் தெரியும் என்று இன்றும் சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

வழக்கப்படி எதுவும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வண்டியை நகர்த்தினேன். அந்த அம்மா ஓட்டமும் நடையுமாகக் கூடவே வந்தார். பின்ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பெட்டியின் மூடியைத் தொட்டார்.

"போயிட்டு வாங்க" என்றார்.