பெண் இல்லாத சம்பந்தி

எல்லையோரத்து எரிவாயு நிலையத்தில் அவளை எல்லோரும் மீட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து நாட்டிலிருந்து குழாய் வழியே வரும் எரிவாயுவை அளப்பதும், சொன்ன நேரத்தில் வால்வைத் திறந்து மூடுவதும் அவள் வேலை. வேலிக்கு அப்பால் இரண்டு மேடு தாண்டி அவர்களுடைய நிலையம் இருந்தது. அங்கே இதே வேலையை ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

தினமும் காலையில் போனில் பேசி, அங்கே அனுப்பியதும் இங்கே வந்து சேர்ந்ததும் ஒன்றுதானா என்று சரிபார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதற்கே வாய்த் தகராறு. அளவு குறைகிறது என்று இவள் ஒரு நாள் அடித்துச் சொல்ல, சீர் குறைகிறது என்று மூக்கைச் சிந்தும் மாமியார் மாதிரி பேசாதீர்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் நீங்கள் எனக்கு சம்பந்தியா என்று இவள் திருப்பிக் கேட்டாள். அன்றோடு தகராறு போயிற்று, சம்பந்தி என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு எரிவாயு அவர்களுக்கு 'பொண்ணு' ஆகிவிட்டது. பொண்ணு கிளம்பிவிட்டாள் என்றால் அங்கே வால்வு திறந்தாயிற்று. பொண்ணு கோபமாக இருக்கிறாள் என்றால் குழாயில் அழுத்தம் அதிகம், இளைத்துவிட்டாள் என்றால் குறைவு. வீட்டில் இரண்டும் ஆண் பிள்ளைகளாக இருக்க, பெண்ணைப் பெறாமலே சம்பந்தி பிடித்தவள் ஊரிலேயே நீ ஒருத்திதான் என்று அவள் கணவன் கிண்டல் செய்வான். பஸ் டெப்போவில் டயர் மாற்றுகிறவன். சிரிப்பதற்குக் கிடைத்ததை விடமாட்டான்.

இந்தச் சம்பந்தம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு தலைநகரங்களும் ஒன்றை ஒன்று முறைக்க நினைத்தாலும் குழாயை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டன. அதற்குள் இந்தப் பக்கத்துத் துறைமுகத்தில் எரிவாயுக் கப்பல்களுக்கான தளம் கட்டி முடித்தார்கள். கடல் தாண்டி முதல் கப்பல் வந்து நின்றதுதான் தாமதம், அமைச்சருக்கு முதுகெலும்பு முளைத்துவிட்டது. நேற்றுவரை தோழமை நாடு என்றவர், இனி எவன் தயவும் தேவையில்லை என்று மேடையில் முழங்கினார். பத்திரிகைகளும் இரவோடு இரவாக அகராதியை மாற்றிக்கொண்டன.

ஒரு காலை மேலாளர் அவளைத் தனியாக அழைத்து உத்தரவைச் சொன்னார். மத்தியானம் அமைச்சர் அறிவிப்பார், அந்த நிமிடமே வால்வை மூட வேண்டும். அந்தப் பக்கத்துக்கு மூச்சுக்கூட விடக் கூடாது. அவர்கள் அதிர வேண்டும், அதுதான் திட்டம்.

அவளுக்குக் காலைப் பேச்சு நினைவுக்கு வந்தது. சற்று முன்புதான் சம்பந்தி, வாசலில் வெல்டிங் வேலை நடக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். வாசல் என்றால் அவர்கள் பக்கத்து வெளியேற்றுக் குழாயின் அடி. இங்கே திடீரென்று மூடினால் எரிவாயு பின்னுக்கு முட்டிக்கொண்டு அந்தக் குழாய் வழியேதான் பீய்ச்சி அடிக்கும். அடியில் நெருப்பை வைத்துக்கொண்டு மனிதர்கள் நிற்பார்கள். மேலாளரிடம் சொன்னாள். மேலிடத்து உத்தரவு என்று அவர் கையை விரித்துவிட்டார்.

அவள் நேராக மேசைக்குப் போய், எப்போதும் பேசுகிற அதே போனை எடுத்தாள்.

"சம்பந்தி, மத்தியானம் பொண்ணை அனுப்பாதீங்க. இங்க கதவைச் சாத்தியிருப்போம். உங்க ஆளுங்க ஒருத்தர்கூட வாசல்ல நிக்கக் கூடாது."

அந்தப் பக்கம் அவர் யாரையோ கூவி அழைப்பது கேட்டது. பிறகு அவர் சரி என்று சொல்லி வைத்துவிட்டார். மத்தியானம் உத்தரவுப்படி அவள் வால்வை மூடினாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்தப் பக்கம் அதிராததில் அமைச்சருக்குத்தான் ஏமாற்றம்.

போன் பேச்சு பதிவாகியிருந்தது. தலைநகரத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, துருவித் துருவி ஆராய்ந்து, கடைசியில் அவர் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? மீட்டர் அக்கா தன் மூத்த மகனுக்கு எதிரி நாட்டில் பெண் பார்த்திருக்கிறாள், அரசியல் கெட்டுப்போனதால் சம்பந்தத்தை முறித்துக்கொண்டாள்! அதிகாரிக்கு அவள்மேல் பரிதாபம் வேறு. கல்யாணம் நின்றுபோன வீட்டில் கேட்பதுபோலத் தணிந்த குரலில், பையனுக்கு மனசு உடைந்திருக்குமே என்று விசாரித்தார்.

மேலாளர் மேசைக்கடியில் அவள் காலைத் தட்டினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அலுவலகப் போனில் சொந்தக் கதை பேசியதற்கு ஒரு கண்டிப்போடு முடிந்துவிடும். இல்லையென்றால் வேலை போகும், வேலையோடு குவார்ட்டர்ஸ் வீடும் போகும். அவள் வீட்டை நினைத்துப் பார்த்தாள். ஆனால் கோபம்தான் அதிகமாக வந்தது. மனிதர்களைக் காப்பாற்றியதை ஏன் திருட்டுத்தனம்போல ஒளித்து வைக்க வேண்டும்?

"எங்க வீட்ல எந்தக் கல்யாணமும் இல்லை சார். பொண்ணுன்னா கேஸ். கதவுன்னா வால்வு. வால்வை மூடப் போறோம்னு நான்தான் சொன்னேன், தெரிஞ்சேதான் சொன்னேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். இது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும். நாளைக்கே இப்படி இன்னொரு உத்தரவு வந்தா, நாளைக்கும் சொல்வேன். நாட்டுக்கு நாடு முறைச்சுக்கோங்க, அது உங்க பாடு. குழாய்க்கு அடியில நிக்கிறவனுக்கு அதுல என்ன பங்கு?"

வேலை போயிற்று. டெப்போவுக்குப் பின்னால் ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். அவள் வீடு வீடாகப் போய் அடுப்பு பழுதுபார்த்தாள். சந்தையில் சிலர் காட்டிக்கொடுத்தவள் என்று முணுமுணுத்தார்கள். அவள் தலை குனியவில்லை. கணவன் மட்டும், அந்த அதிகாரி சொன்ன கல்யாணத்தையாவது நடத்தியிருக்கலாம், ஒரு வேளைச் சாப்பாடாவது மிச்சமாகியிருக்கும் என்று சொல்லிச் சிரிக்கவைத்தான்.

பிறகு கடும் குளிர்காலம் ஒன்று வந்தது. அதிக விலை கொடுத்த வேறொரு நாட்டுக்கு எரிவாயுக் கப்பல்கள் நடுக்கடலிலேயே திரும்பிப் போயின. அமைச்சர் வெட்கமே இல்லாமல் பக்கத்து நாட்டுக்கு ஓடினார், சகோதர நாடு என்றார். குழாயைத் திறக்க விழா ஏற்பாடாயிற்று. அந்தப் பக்கத்து நிலையத்து மனிதர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாராம். போனில் அந்த அம்மாவின் குரல் கேட்டால்தான் திறப்பேன் என்று.

மேலாளர் அவளைத் தேடி வந்தார். பழையதை மறந்து, வருத்தம் தெரிவிக்கிறேன் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் வேலையும் திரும்பக் கிடைக்கும் என்றார். வருத்தம் இல்லை, வருகிறேன் என்றாள் அவள். குளிரில் நாடே நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வேறு வழியில்லை.

விழாவன்று அமைச்சர் பொத்தான்மேல் விரலை வைத்தபடி கேமராக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் தன் பழைய மேசையில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"சம்பந்தி, வாசல்ல யாராவது நிக்கிறாங்களா?"

பெயின்ட் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், இறங்கச் சொல்லியிருக்கிறேன் என்றார் அவர். அமைச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலாளர் ஓடி வந்து, அமைச்சர் காத்திருக்கிறார் என்று காதில் சொன்னார்.

"காத்திருக்கட்டும்" என்றாள் மீட்டர் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி.