ஆரம்பாக்கத்துப் பையனின் முழங்கால்

டவுசர் மறைக்கிற இடத்து வியாதிக்கு வைத்தியம் பார்க்கிறவன், முதலில் வெட்கத்துக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். என் தொழில்காரர்களே, நீங்களும் பட்ட பாடுதான் இது. அறுபதுகளின் கடைசியில் திருவள்ளூரில் நான் டாக்டராக இருந்தபோது நடந்தது.

முழங்கால்

ஆரம்பாக்கத்து விவசாயி ஒருவர், மனைவியோடும் ஏழு வயது மகனோடும் வந்தார். பையனுக்கு முழங்காலில் அரிப்பு என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கால் பளிச்சென்று இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்தினேன். உடனே அவர் சொன்னார்: "இப்ப சொல்றேன் சார். அரிப்பு ஒண்ணுக்குப் போற எடத்துல."

களிம்பு

நுனித்தோல் வெளுத்துத் தடித்திருந்தது. வெண்குஷ்டமோ என்று தாய் நடுங்கிப் போயிருந்தாள். இது நாள்பட்ட தோல் அழற்சி, யாருக்கும் ஒட்டாது என்று தைரியம் சொல்லி, பட்டணத்திலிருந்து வரவழைத்த களிம்பைக் கொடுத்தேன்.

சீக்கிரமே ட்யூப் காலி என்று தகப்பன் வந்து நின்றார். அத்தனையும் பையனுக்கா என்று எரிந்து விழுந்தேன். மனைவியின் பித்தவெடிப்பு, தம்பியின் சேற்றுப்புண், ஏர் மாட்டின் கழுத்து என்று ஒரு சுற்று வந்திருக்கிறது களிம்பு. "மாட்டுக்குக் கூட ஆறிப்போச்சு சார், இவனுக்குத்தான் கேக்கல."

ஆபரேஷன்

அதற்குள் தோல் இறுகிவிட்டது. சிறுநீர் நூல் போலத்தான் வந்தது. இனிக் களிம்பு பலிக்காது, நுனித்தோலை எடுத்தே ஆக வேண்டும் என்றேன். தகப்பன் எழுந்துவிட்டார். "அது பாய்ங்க ஊட்டு வழக்கம் சார். ஆடியில அம்மனுக்குக் காப்பு கட்டறவன் இவன். ஊர்ல இன்னா சொல்வாங்க?"

இப்படியே அழைத்துப் போனால் ஒருநாள் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளும். தாய் பையனை என் பக்கம் நகர்த்தினாள். "அம்மன் டவுசர அவுத்தா பாக்கப் போவுது? புள்ள அழுதுகினே ஒண்ணுக்குப் போறத நான்தான் கேட்டுக்கினு கீறேன். நீங்க செய்ங்க சார்."

சுவர்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புண் ஆறியதைக் காட்ட வந்த அன்று பையனைக் காணோம். ஆயா கத்திக்கொண்டு வந்தாள், ஆஸ்பத்திரிச் சுவர் மேலேயே ஒண்ணுக்குப் போய்விட்டானாம். தகப்பன் பாய்ந்து ஓடினார். அடித்துவிடப் போகிறாரே என்று நானும் பின்னால் ஓடினேன். அவர் கண் கலங்கச் சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. ஆயாவிடம் அவர் சொன்னார்: "திட்டாதம்மா. எம்மாம் ஒசரம் அடிச்சிக்கிறான் பாரு! துளி அழுவல!"

என் சர்வீஸில், ஆஸ்பத்திரிச் சுவரை நனைத்தவனுக்கு நானே மிட்டாய் வாங்கிக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.