கடல் பக்கத்துக் கவுன்டர்

காதில் பூச்சுற்றுகிறாள் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இது நடந்தது எனக்கு. பக்கத்து வீட்டுக்காரிக்கோ, ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கோ இல்லை.

நான் எலக்ட்ரீசியன். எங்கள் தீவுக்கு நான் ஒருத்திதான். பால்காரர் முதல் தலைமை ஆசிரியர் வரை எல்லோரும் என்னைக் 'கரண்டக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தொட்டால் தூக்கி எறிவேன் என்று ஒரு பேச்சு உண்டு. அதையும் நான் மறுக்கவில்லை.

அலைச்சல் என்றால் என்னவென்று எங்கள் தீவுக்காரர்களைக் கேளுங்கள். பிறப்பைப் பதிய ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் ஓர் அறை. வரி கட்டத் தபால் ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. மற்றதற்கெல்லாம் படகேறி அக்கரைக்குப் போக வேண்டும். போனால், "சார் சீட்ல இல்ல." இந்த லட்சணத்தில் எல்லா அலுவலகமும் ஒரே கூரையின் கீழ் வரப்போகிறது, படகுகள் அணையும் ஜெட்டிக்கு எதிரிலேயே மூன்று மாடி எழும்பப்போகிறது என்றதும், வயரிங் வேலை எனக்குத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினேன்.

கூலிக்காக மட்டும் இல்லை. மேல் மாடியில் கடல் பக்கமாக ஓர் அறை. கடல் மீட்பு அறை. அதற்கு நேர் மேலே, மொட்டை மாடியில், படகுகளுக்கு வழிகாட்டும் பெரிய விளக்கு. அந்த அறைக்காகத்தான் நின்றேன்.

எட்டு வருடம் முன்னால் என் தம்பியின் படகு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இன்ஜின் நின்று தத்தளித்தது. மீட்புப் படகை அனுப்பத் துறைமுக அலுவலகத்துக்கு மட்டும்தான் அதிகாரம். அப்போது அது ஜெட்டி ஓரத்தில் ஒரு வாடகை அறை. மூச்சிரைக்க ஓடினேன். கவுன்டரில் ஒரு கிளார்க். நான் பேசி முடிக்கவில்லை, கவுன்டரை மூடும் பலகையைச் சரக்கென்று கீழே இறக்கினார். "நேரமாயிடுச்சு. நாளைக்கு வாங்க." பலகை உடையும்படி அடித்தேன். வாட்ச்மேன் என்னைத் தரதரவென்று வெளியே இழுத்துவிட்டார். மறுநாள் படகு மட்டும் கிடைத்தது.

அந்த அறையைக் காலி செய்தபோது, அதே கவுன்டரைத்தான் பெயர்த்துக் கொண்டுவந்து புது மீட்பு அறையில் வைத்தார்கள். "தேக்குக்கா. புதுசு செஞ்சா இந்த உறுதி வருமா?" என்றார் இன்ஜினியர். எனக்கு வயிறு எரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மூடியிருந்திருக்கக் கூடாது.

சம்பவம் நடந்தது அதிகாரிகள் பார்வையிட வருவதற்கு முந்தைய நாள். கட்டடம் முழுக்க வேலை முடிந்துவிட்டது, அந்த அறையைத் தவிர. அங்கே மட்டும் பிரேக்கர் நிற்கவில்லை. போட்டால், கொஞ்ச நேரத்தில் டப்... விழுந்துவிடும். மதியம் இன்ஜினியர் படியேறி வந்தார்.

"அக்கா, காலையில வர்றவங்க முன்னாடி அந்த விளக்கு எரியணும். எரியலன்னா இந்த ரூம ஸ்டோர் ரூம்னு எழுதிக் குடுத்துடுவேன். எனக்கு வேற வழியில்ல."

"எரியும். நீங்க போங்க."

அன்று என்னோடு இரண்டு பேர். ஒருவர் தச்சர். இன்னொருவன் பெயின்டர், அவருடைய தங்கையைக் கட்டியவன், பட்டப்பெயர் சுண்ணாம்பு. மாமனும் மச்சானுமாக நாளெல்லாம் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். தீவின் மறுமுனையில் வீடு. சின்ன ஃபைபர் படகில் வந்து போவார்கள்.

மாலை ஐந்தரை மணி. மழை இருட்டு. சுண்ணாம்பு கேட்டான்.

"மச்சான், பலகைய ஏன் தொறந்து போட்டே?"

"நான் எங்கடா தொறந்தேன்? ஆணி அடிச்சு வச்சிருக்கேன்."

மூவரும் பார்த்தோம். கவுன்டர் பலகை மேலே தூக்கி நின்றது. ஆணி கவுன்டர் மேல் கிடந்தது. வளையவில்லை. பிடுங்கிய தடம்கூட இல்லை. அப்போதுதான் அந்த வாசனையும் வந்தது. ஸ்டாம்ப் பேட் மை. அந்தக் கட்டடத்துக்குள் இன்னும் ஒரு காகிதம்கூட வரவில்லை...

தச்சர் முகம் கறுத்தது. பலகையை இறக்கினார். நாலு ஆணியை வாயில் கவ்விக்கொண்டு சுத்தியலை ஓங்கினார்.

"நாளைக்கு வாங்க."

மிகத் தெளிவாகக் கேட்டது. வறண்ட குரல். டப்... பிரேக்கர் விழுந்தது. அறை இருட்டானது.

"மச்சான், விளையாடாத..." என்றான் சுண்ணாம்பு.

நான் டார்ச்சை அடித்தேன். தச்சர் எங்களைப் பார்த்து நின்றார். நாலு ஆணியும் அவர் உதட்டுக்கு நடுவில் அப்படியே இருந்தன. அந்த வாயால் யாரும் பேச முடியாது.

ஆணிகளைத் துப்பினார். "அக்கா, இது நம்ம ஆட்டத்துக்குச் சரிவராது. வா, போயிடலாம்."

"போங்கடா பயந்தாங்கொள்ளிங்களா. போய்ப் பொண்டாட்டி முந்தானையில ஒளிஞ்சுக்கோங்க."

போய்விட்டார்கள். படகின் இன்ஜின் சத்தம் மெல்ல அடங்கியது. மழை வலுத்தது.

எனக்குப் பயமில்லை என்று அளக்க மாட்டேன். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. இந்த அறை ஸ்டோர் ரூம் ஆகிவிட்டால் நாளைக்கு இன்னொருத்தி தன் தம்பிக்காக எங்கே ஓடுவாள்?

மெயினை அணைத்தேன். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பிரேக்கரையே கழற்றி எறிந்தேன். அதற்கு வந்த வயரையும் அதிலிருந்து போன வயரையும் நேராகச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினேன். எங்கள் தொழிலில் செய்யவே கூடாத வேலை. செய்தேன். "இப்ப நீ எதை விழவைப்பேன்னு பாக்குறேன்" என்று உரக்கவே சொன்னேன். பிறகு மெயினைப் போட்டேன்.

அறை வெளிச்சமானது.

மிச்சம் மாடி விளக்கின் சுவிட்ச் ஒன்றுதான். அது கவுன்டருக்கு அந்தப் பக்கச் சுவரில். உள்ளே போகும் குட்டைக் கதவு மழை ஈரத்தில் உப்பி, தள்ளினால் அசையவில்லை. தச்சர் இறக்கிய பலகை மறுபடி மேலே நின்றது. அந்தத் திறப்பு வழியாகக் கையை நீட்டினால் எட்டும்.

மணி ஆறேகால்.

நீட்டினேன்.

"நாளைக்கு வாங்க."

பலகை இறங்கியது. என் முழங்கை மேல்... முழு வேகத்தில்.

வலியில் கண் இருண்டது. கையை இழுக்கவில்லை. விரலால் சுவரைத் துழாவினேன். சுவிட்ச் தட்டுப்பட்டது.

அப்போது ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

வறண்ட கை... குளிர்ந்த கை...

"நேரமாயிடுச்சு."

எனக்குள் என்னவோ அறுந்தது.

"யாருக்குடா நேரமாச்சு? நாளைக்காம் நாளைக்கு! என் தம்பிக்கு வந்துச்சா அந்த நாளைக்கு? இன்னைக்கு நான் போக மாட்டேன். கையை உடைச்சாலும் போக மாட்டேன். 'இப்பவே வாங்க'ன்னு சொல்லு! ஒரு தடவை சொன்னா வாய் கோணிடுமா? சொல்லுடா!"

விரலைச் சுவிட்சிலிருந்து எடுக்கவில்லை.

மழைச் சத்தம் மட்டும்...

பிடி தளர்ந்தது.

டக். சுவிட்சைத் தட்டினேன்.

ஜன்னலுக்கு வெளியே மழை முழுக்க வெள்ளையாகிவிட்டது. விளக்கு எரிந்தது. நான் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். மணிக்கட்டைச் சுற்றி ஊதா மை படிந்திருந்தது. ஐந்து விரல்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கவுன்டர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

எட்டு மணிவாக்கில் படிக்கட்டில் காலடி. தச்சரும் சுண்ணாம்பும். சொட்டச் சொட்ட நனைந்து, பல் கிட்டித்து நின்றார்கள். முனை தாண்டுவதற்குள் இன்ஜின் நின்றுவிட்டதாம். நீரோட்டம் பாறைப் பக்கம் இழுத்திருக்கிறது. எந்தப் பக்கம் கரை என்றே தெரியாமல் துடுப்புப் போட்டிருக்கிறார்கள்.

"தெய்வம் மாதிரி விளக்கப் போட்டேக்கா" என்று தச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா மழை மறைச்சு மறைச்சு விட்டுச்சு. மைக்கு மட்டும் இல்லன்னா நாங்க செத்தோம்."

"எந்த மைக்கு?"

"நீ மாட்டுனியே... 'இப்பவே வாங்க, இப்பவே வாங்க'ன்னு விடாம கூப்பிட்டாரே ஒரு பெரியவர். அந்தக் குரலப் புடிச்சுக்கிட்டுத்தான் வந்தோம்."

அந்தக் கட்டடத்தில் மைக்கே இல்லை. அன்று நான் இவர்களிடம் சொல்லவும் இல்லை. முதலில் சூடாக ஏதாவது குடியுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர்களைக் காவலாளி அறையில் படுக்கவைத்துவிட்டு மறுபடி மேலே வந்து உட்கார்ந்தேன். நன்றாக விடிந்ததும், ஆறு மணிக்கு, விளக்கை அணைத்தேன். வயரைப் பிரித்து ஒழுங்காகப் புது பிரேக்கர் மாட்டினேன். அது ஒருமுறைகூட விழவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், தலையாட்டினார்கள். மீட்பு அறை மீட்பு அறையாகவே நின்றது.

அலுவலகம் திறந்த முதல் வாரம் இது. கீழே ட்யூப்லைட் மாற்றிக்கொண்டிருந்தேன். ஏணிக்கடியில் ஒரு பெண் எந்தக் கவுன்டர் என்று தெரியாமல் முழித்தாள். இறப்பைப் பதிய வேண்டுமாம். அவள் அப்பாவுக்கு.

அப்பா யார் என்று கேட்டேன். துறைமுக ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர் என்றாள்.

ஏணியைவிட்டு இறங்கினேன். அவளைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது கவுன்டருக்குப் போனேன். அங்கே இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். மறுபேச்சுப் பேசாமல் வேலையை அங்கேயே முடித்துக் கொடுத்தார்.

வாசலில் அந்தப் பெண் தயங்கி நின்றாள்.

"அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூணு வருஷமா பேச்சே இல்லக்கா. அதிகாரிங்க வந்தாங்களே, அதுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஆறேகால் இருக்கும், திடீர்னு எழுந்து உக்காந்தார். 'இப்பவே வாங்க, இப்பவே வாங்க'ன்னு கத்த ஆரம்பிச்சார். ராத்திரி பூரா. தொண்டை கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு, அப்பவும் நிறுத்தல. காலையில சரியா ஆறு மணிக்கு நிறுத்தினார். மூச்சும் அதோட போயிடுச்சு. யாரக் கூப்பிட்டார்னே தெரியலக்கா..."

எனக்குத் தெரியும்.

சுவிட்சை அணைத்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எல்லாவற்றையும் தச்சரிடம் சொன்னேன்; அந்தக் கிளார்க்கை மன்னித்துவிட்டாயா என்று அவர் இப்போதும் கேட்பார். இல்லை. தச்சரையும் சுண்ணாம்பையும் கூப்பிட இருந்த தொண்டை, என் தம்பியைக் கூப்பிடவும் அன்றைக்கு இருந்தது.