பெங்களூரிலிருந்து கோயமுத்தூருக்கு ஒரு பேசாத கார்

நான் வசிக்கும் ப்ர்னோ நகரத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக இணையத்தில் கார் பிடித்தால், எங்கே ஏறுவீர்கள், எங்கே இறங்குவீர்கள், எத்தனை பெட்டி என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள். ஓட்டுநர் உங்களோடு பேசலாமா, கூடாதா? கூடாது என்றால் 'அமைதிப் பயணம்' என்ற சின்னக் கட்டத்தைத் தொட்டுவிட வேண்டும். செக் நாட்டுக்கு வந்த புதிதில் அதைப் பார்த்துச் சிரித்தேன். கோயமுத்தூர்க்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் ஏறினால், அடுத்த சீட்டில் இருப்பவர் சூலூர் தாண்டுவதற்குள் நம் சித்தப்பா எந்த மில்லில் வேலை பார்த்தார் என்பது வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொள்வார். நாமும் அவர் மகளுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் இறங்குவோம்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. முதல் முறை வியன்னா விமான நிலையத்திலிருந்து ப்ர்னோவுக்குக் காரில் வந்தபோது, நல்ல பெண்ணாக ஓட்டுநரிடம் "சாப்பிட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மனிதர் முகம் சிவந்துவிட்டது. கார் சுத்தமாகத்தானே இருக்கிறது, நான் வண்டிக்குள் ஒருபோதும் சாப்பிடுவதில்லை, ஏதாவது வாசனை வருகிறதா என்று பதறினார். இல்லை, சும்மா கேட்டேன் என்றேன். சும்மா ஒருவர் இன்னொருவரிடம் சாப்பிட்டீர்களா என்று ஏன் கேட்க வேண்டும் என்பதை அவருக்கு விளக்க என்னிடம் ஆங்கிலமும் போதவில்லை, செக் மொழி அப்போது சுத்தமாகக் கிடையாது. ஊர் வரும் வரைக்கும் கண்ணாடி வழியாக என்னைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். அதன் பிறகு எல்லாப் பயணத்துக்கும் அமைதிக் கட்டத்தைத் தொடப் பழகினேன். பழகப் பழக அது பிடித்தும் போனது. வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், நாம் மாறிக்கொண்டிருப்பது நமக்கே தெரியாது.

இந்த வைகாசியில் என் அண்ணன் கார்த்திக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் இப்போது பையன்களுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்த்துப் பார்த்து அம்மாவின் கால் தேய்ந்த பிறகு அமைந்த பெண். கிடைத்த முகூர்த்தத்தில் சட்டென்று நாள் குறித்துவிட்டார்கள். என் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை, நான் மட்டும் கிளம்பினேன். நான் போய்த்தான் ஆக வேண்டும். எங்கள் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் பொழுது சாயும்போது இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையோடு அவனுடைய சகோதரி மணையில் உட்கார வேண்டும். அந்த இடத்தில் அம்மா உட்கார முடியாது, மணப்பெண்ணும் உட்கார முடியாது. கூடப் பிறந்தவள் வராவிட்டால் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ உட்காருவாள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் கார்த்திக்கு நான் ஒரே தங்கை. சின்ன வயதில் அவனுடைய சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து துடியலூர் முழுவதும் சுற்றியவள். அந்த மணையில் வேறு யாராவது உட்கார்ந்தால், அந்தக் கல்யாண ஆல்பத்தை என் ஆயுசுக்கும் திறக்க மாட்டேன்.

விதி, வளைகுடா விமான நிலையத்தில் காத்திருந்தது. கோயமுத்தூருக்குப் போக வேண்டிய விமானம் ரத்து. பெங்களூருக்கு வேண்டுமானால் உடனே ஓர் இடம் இருக்கிறது என்றார்கள். ஏற்றுக்கொண்டேன். விமானத்துக்கு அழைக்கும் முன்பே, தரையில் பெட்டி மேல் உட்கார்ந்து, போனில் பெங்களூரிலிருந்து கோயமுத்தூருக்குக் கார் தேடினேன். நான் ப்ர்னோவில் பயன்படுத்தும் அதே தளம் நம் ஊரிலும் ஓடுகிறது! புறப்படும் இடத்தில் பெங்களூர், சேரும் இடத்தில் துடியலூர் என்று நானே தட்டச்சு செய்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வியன்னா, பிராக், பிராட்டிஸ்லாவா என்றே எழுதிப் பழகிய கட்டத்தில் துடியலூர்! பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் காட்டினேன். அவரும் காரணம் தெரியாமலே கை தட்டினார். அந்தக் குதூகலத்தில் மளமளவென்று எல்லாக் கட்டங்களையும் தொட்டுக்கொண்டே போனேன். பழகிய விரல் கடைசிக் கட்டத்தையும் தொட்டுவிட்டிருக்கிறது.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "நெட்டுல புடிச்ச காரா? ஆரு எவருன்னு தெரியாம அத்தன தூரம் தனியா வருவியா?" என்றார். ஒன்றும் ஆகாது, பத்திரமாக வந்துவிடுவேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா அதோடு விடுகிற ஆள் இல்லை என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

பெங்களூரில் என் பெயர் எழுதிய அட்டையோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். பெயர் சலீம் என்று செய்தியில் வந்திருந்தது. கோயமுத்தூர் வண்டி, கோயமுத்தூர் பதிவெண்! எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "அண்ணா, நீங்க கோயமுத்தூருங்களா?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். "எந்தப் பக்கமுங்க?" என்றதற்குச் சங்கடமாகச் சிரித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கி வைத்தார். சரி, களைப்பாக இருப்பார் என்று நினைத்தேன். ஓசூர் வந்தது. தமிழில் எழுதிய பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கிருஷ்ணகிரியில் மாம்பழக் குவியல்களைப் பார்த்துக் கத்தினேன். அப்போதும் பேச்சில்லை. கோபக்காரர் போலிருக்கிறது, கோயமுத்தூரில் இப்படியும் ஒருவரா என்று எனக்கு வருத்தமாகவே ஆகிவிட்டது.

தர்மபுரிக்கு முன்னால் அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, தன் மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "பாத்திமா, கேக்குதா? வண்டில ஒரு அம்மணி வருதுங்க. காத்தால இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. இங்க பக்கத்துல நல்ல ஓட்டல் ஒன்னு இருக்குது. நிறுத்துறதான்னு தெரியல. கேக்கலாம்னா, பேசக்கூடாதுன்னு கம்பெனில மெசேஜ் அனுப்பியிருக்காங்க."

"பேசக்கூடாதுன்னா எப்படிங்க சோறு போடுறது?" என்றது போன்.

"அதத்தான் நானும் கேக்கறேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போனைத் திறந்து முன்பதிவைப் பார்த்தேன். அமைதிப் பயணம், பச்சை நிறத்தில், அழகாக ஒரு டிக். ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டேன். "அண்ணா, அது கை தவறித் தொட்டதுங்க! பேசுங்க, தயவுசெஞ்சு பேசுங்க!" என்றேன். அந்தப் பக்கம் பாத்திமா அக்கா சிரித்த சிரிப்பு கார் முழுக்க நிறைந்தது. சலீம் அண்ணன் பெரிதாக மூச்சு விட்டார். "ஏனுங் அம்மணி, ஓசூர்ல இருந்து தொண்டை வரைக்கும் வந்து வந்து முழுங்கிட்டு வர்றனுங்க. நான் உக்கடமுங்க. நீங்க துடியலூர்ல எங்கீங்க?" என்று ஆரம்பித்தவர் அப்புறம் நிறுத்தவே இல்லை. இட்லி சாப்பிட்டபடியே அவர் தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனி மேஸ்திரியைக் கட்டிய கதையைக் கேட்டேன். என் கல்யாணக் கதையை அவர் கேட்டார். ப்ர்னோவில் ஒரு வருடம் முழுக்கப் பேசுவதை அந்த ஓட்டலில் பேசி முடித்தேன் என்று நினைக்கிறேன்.

சந்தோஷத்துக்குத் தொப்பூர் கணவாயில் முட்டுக்கட்டை விழுந்தது. வளைவில் ஒரு லாரி பழுதாகி நின்று, பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள். வெயில் ஏறிக்கொண்டே போனது. கார்த்தி போன் செய்தான். "எங்க இருக்கற?" தொப்பூர் என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அருமைக்காரர் வந்துட்டார். நல்ல நேரம் போறதுக்குள்ள உக்காரோணுமாம். சுகந்தியப் பட்டுச்சேலை கட்டிட்டு இருக்கச் சொல்லிட்டாங்க." சுகந்தி என் பெரியப்பா மகள். அருமைக்காரர் என்பது சடங்குகளை முன்நின்று நடத்தும் பெரியவர். அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சலீம் அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அழுவாதீங்க அம்மணி. வழி விட்டா வெசையாப் போயிரலாமுங்க" என்றார். வழி விட்டார்கள். சேலம், சங்ககிரி எல்லாம் பறந்தன.

காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பவானி பிரிவில் திரும்பினால், சாலையோரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் இரண்டு கைகளையும் வீசி எங்கள் காரை மறிக்கிறார். என் தாய்மாமன். பவானியில் ஜமக்காளக் கடை வைத்திருப்பவர். கிளம்பும்போது நான் அனுப்பிய வண்டி எண்ணையும் ஓட்டுநர் பெயரையும் அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார். பின்னால் அவருடைய வெள்ளைக் கார், அதில் பட்டுச்சேலையோடு அத்தை. மாமா கதவைத் திறந்து, "எறங்கு கண்ணு, நம்ம வண்டில போலாம். ஊட்டுல ஒரு வாய் காபி குடிச்சுப்போட்டு நேராக் கெளம்பிரலாம்" என்றார். பவானி வழியாகப் போகிறவள் மாமா வீட்டுக்குள் கால் வைக்காமல் போனால் அது எவ்வளவு பெரிய குறை என்று எனக்குத் தெரியும். இறங்கப் போனேன்.

சலீம் அண்ணன் இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. துடியலூர்ல கொண்டுபோயி உடறேன்னு ஏத்துன புள்ளைங்க. பாதில எறக்கியுட்டுப் போனா எனக்கு மனசு ஒப்புங்களா?"

"அதுல்லீங் பாய், நீங்க நல்லபடியாக் கூட்டிட்டு வந்துட்டீங்க, ரொம்பச் சந்தோசமுங்க. ஆனா எங்க அக்கா மகளத் தாய்மாமன் நான் இருக்கையில, வாடகை வண்டில மண்டபத்துல எறக்குனா நாலு பேரு என்னங்க பேசுவாங்க?"

"நீங்க சொல்றது நாயமுங்க. ஆனாலும் பாருங்க..."

ஒரு வார்த்தை கடுமையாக இல்லை. ஒருவர் 'ங்க' போட்டால் மற்றவர் இரண்டு 'ங்க' போட்டார். செக் நாட்டில் இரண்டு பேர் இதைவிடச் சத்தமாகப் பீர் கேட்பார்கள். ஆனால் இந்த மரியாதையில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, வெயில் மட்டும் சாய்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போயே போய்விட்டது. "ரெண்டு பேரும் இங்கயே நின்னு மரியாதையாப் பேசிட்டே இருங்க! அங்க என்ற எடத்துல சுகந்தி உக்காந்துக்கட்டும்!" என்று நடுரோட்டில் கத்தினேன். வெளிநாடு போன இத்தனை வருடத்தில் நான் கோபத்தில் போட்ட முதல் சத்தம். மாமா என்னைப் பார்த்தார். பிறகு வாடகைக் காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். "வண்டிய எடுங்க பாய். காபி நாளைக்குக் குடிச்சுக்கலாம்."

"நம்ம காருங்க?" என்றார் அத்தை.

"அது எங்க போவுது? கெடக்கட்டும். ஒட்டுக்காப் போலாம் ஏறு."

அத்தை மல்லிகைச் சரத்தோடு என் பக்கத்தில் ஏறினார். பெருந்துறை வரும் முன்பே தலை பின்னிப் பூ வைத்துவிட்டார். முன்னால் மாமாவும் சலீம் அண்ணனும், பவானியில் சற்று முன் ஒருவரை ஒருவர் மறித்தவர்கள், உக்கடம் மேம்பாலம் முதல் நூல் விலை வரைக்கும் அலசிக்கொண்டிருந்தார்கள். அவிநாசி தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டேன். ஊர், ஊர், ஊர் என்று உள்ளே ஒருத்தி குதித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்து வாசலில் அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, தள்ளிக்கொண்டே உள்ளே ஓடினார். போகிற போக்கில் சலீம் அண்ணனைப் பார்த்து, "சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும், ஆமா!" என்றார். கார்த்தி வயிறு சரியில்லை என்று சொல்லிச் சொல்லிக் கழிப்பறைக்குப் போய் நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தானாம். சுகந்தி என்னைக் கண்டதும் "அப்பாடா" என்று எழுந்து, தான் போட்டிருந்த வளையல்களைக் கழற்றி என் கையில் மாட்டினாள். சேலையைச் சுற்றிக்கொண்டு மணைக்கு முன்னால் வந்து நின்றேன்.

அருமைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இணைச்சீர்க்காரி எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"துடியலூருங்க" என்றார் அம்மா. அதே நேரத்தில் மாமா, நான் வாழ்க்கைப்பட்ட ஊரை நினைத்து, "கோபிங்க" என்றார். என் வாயிலிருந்து "ப்ர்னோ" என்று வந்துவிட்டது. மூன்றும் ஒன்றாகக் கேட்டதில் கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றும் உண்மைதான், மூன்றில் எதைச் சொன்னாலும் மற்ற இரண்டும் பொய்யாகிவிடும் போல இருந்தது. பெரியவர் கூட்டத்தைக் கையமர்த்தினார். "எந்த ஊரா வேணாலும் இருக்கட்டுமுங்க. அண்ணனுக்குத் தங்கச்சிதானுங்களே? உக்காருங்க அம்மணி" என்றார்.

உட்கார்ந்தேன். மறுநாள் மணப்பெண் கட்டப்போகும் கூறைச்சேலையைப் பிரித்து, ஒரு முனையைக் கார்த்தியின் கையிலும் மறுமுனையை என் கையிலும் கொடுத்தார்கள். இன்னும் சில நாளில் நான் திரும்பிப் போய்விடுவேன் என்பது அவனுக்கும் தெரியும். குனிந்து என் காதில், "கெட்டியாப் புடிச்சுக்க, உட்டுறாத" என்றான். எங்கள் நடுவே சேலை தொய்ந்தது. நான் என் பக்கத்து முனையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.