எருமை என்றொரு விமர்சனம்

எங்கள் வாசகர் வட்டத்தில் புத்தகங்களைத் திட்டுகிற ஒரே ஆள் நான்தான். மாதம் ஒரு புத்தகம். கதை, கவிதை கூடாது. வரலாறு, சமயம், அறிவியல், கலை, இந்த நான்கில் ஏதாவது ஒன்று. படித்துவிட்டுக் கைப்பேசியில் எங்கள் வாட்ஸ்அப் புலனக் குழுவில் விமர்சனம் போட வேண்டும். விதி அவ்வளவுதான். அதில் 'படித்துவிட்டு' என்ற சொல்லை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் மலேசிய ஊரான ஜொகூர் பாருவில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள் என்பதால் யாருக்கும் அவரை எதிர்த்துப் பேச வாய் வராது. வரலாற்றுப் புத்தகம் எது வந்தாலும் அவர் தேடுவது ஒன்றைத்தான். சோழர்கள் இருக்கிறார்களா? தபால் துறையின் வரலாறு பற்றி ஒரு புத்தகம் படித்தோம். 'சோழர் காலத் தபால் குறித்து ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை' என்று எழுதினார். அறிவியலுக்கு ஒரு மருந்துக்கடைக்காரர் இருக்கிறார். மூளையோ, கருந்துளையோ, குடலில் வாழும் கிருமியோ, எல்லாவற்றையும் சித்தர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று முடிப்பார். அப்புறம் எதற்கு இந்தப் புத்தகத்தை வாங்கினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். சரிபார்க்க, என்றார்.

சமயத்துக்கு ஓர் அம்மையார். யாழ்ப்பாணத்து வேர், ஞாயிறு தவறாமல் தேவாலயம். எந்தச் சமயத்துப் புத்தகமானாலும் அவருக்கு அளவுகோல் கண்ணீர்தான். மூன்று இடத்தில் அழுதேன் என்றால் நல்ல புத்தகம். பௌத்தம் பற்றிய ஒரு புத்தகத்துக்கு, 'எங்குமே அழ வரவில்லை' என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆசையை விடச் சொல்லும் மதத்துக்கு அது வெற்றிதானே என்று நான் கேட்கப்போய், ரொம்ப நாள் என்னோடு பேசாமல் இருந்தார்.

கலைக்கு ஒரு தம்பி. பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுக்குச் சில தெரு தள்ளி இருப்பவர். மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி தினமும் சிங்கப்பூர் போகிறார். அங்கே கப்பல் பட்டறையில், கப்பலுக்கு அடித்த சாயத்தைச் சோதிப்பது வேலை. எங்கே பூச்சு விட்டுப்போயிருக்கிறது, எங்கே உரிகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பியத் தேவாலய ஓவியங்களைப் பற்றிய கனத்த புத்தகம் ஒன்றுக்கு அவர் எழுதிய விமர்சனம்: 'தேவதையின் இடது காலில் சாயம் உரிகிறது. முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதை அடித்திருக்கிறார்கள்.' எங்கள் குழுவில் கலையைப் பற்றி வந்த ஒரே உருப்படியான கருத்து அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த நாலு வரியெல்லாம் முகம் தெரியாதவர் எழுதிய புத்தகத்துக்குத்தான். தெரிந்தவர் எழுதியதாக இருந்தால் எல்லாருக்கும் ஒரே சொல். அருமை. கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று. கொஞ்சம் நெருக்கமானவர் என்றால் மிக அருமை. எனக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். புத்தகத்தை மூடிவைக்கப் பயன்படும் சொல் அது, திறந்து பார்த்தவர் யாரும் அதோடு நிறுத்த மாட்டார்.

இப்படியெல்லாம் பேசிக்கொண்டிருந்த நானே ஒரு புத்தகம் எழுதினேன். ஆந்தைகளைப் பற்றி.

காஹாங் பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஆய்வுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். செம்பனைப் பழத்தை எலி தின்னும், எலியை ஆந்தை தின்னும். அதனால் தோட்டம் நெடுகக் கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி வைத்து ஆந்தைகளைக் குடியேற்றினோம். தோட்டத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆந்தை அலறினால் சாவு விழும் என்றார்கள். விழும், எலிக்கு, என்றேன். இந்தச் சண்டைகளையும் ஆந்தைகளையும் சேர்த்துத்தான் எழுதினேன். அதில் ஆறாம் அத்தியாயத்தில் புயல் அடித்து ஒரு பெட்டி கீழே விழுகிறது. குஞ்சுகளை நாங்கள் கையால் ஊட்டி வளர்க்கிறோம், தாய் ஆந்தையைக் காணவில்லை. ஏழாம் அத்தியாயத்தில் அது திரும்பி வருகிறது. உண்மையில் நடந்தது. அந்த ஒரு காட்சியைச் சொல்லத்தான் மீதிப் புத்தகம் முழுவதையும் எழுதினேன்.

வெளியீட்டு விழா ஜொகூர் பாருவில் நடந்தது. மாலை, பொன்னாடை, நாற்காலி நிறையச் சொந்தக்காரர்கள். புத்தகங்கள் பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று இருந்தன. ஆளுக்கொன்று வாங்கி, அதைப் பிடித்துக்கொண்டு என்னோடு படம் எடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். ஆறாம் அத்தியாயம் முடிந்ததும் மறுபடியும் ஆறாம் அத்தியாயம் இருந்தது. அதற்கு அடுத்தது எட்டு. இன்னும் சிலதைப் பிரித்தேன், எல்லாம் அப்படியே. பொருளடக்கத்தில் மட்டும் ஏழு கம்பீரமாக நின்றது.

அச்சகத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். பைண்டிங்கில் தாள் மாறிப்போய்விட்டது, விற்றதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள், புதிதாக அடித்துத் தருகிறோம் என்று மன்னிப்புக் கேட்டார்கள். குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டால் முடிகிற விஷயம்தான். ஆனால் என் புத்தி சும்மா இருக்கவில்லை. யாராவது ஒருத்தர் படித்துவிட்டுக் கேட்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

விமர்சனங்கள் வந்தன. தலைமையாசிரியர்: அருமை. மருந்துக்கடைக்காரர்: மிக அருமை. அம்மையார் அருமை என்று போட்டு, ஆனால் அழவில்லை என்பதையும் நேர்மையாகச் சேர்த்திருந்தார். தாய் ஆந்தை வருகிற அத்தியாயம் இல்லையே அம்மா, எப்படி அழுவீர்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரொம்ப அருமையா வந்திருக்கும்மா" என்றார். ஏழாம் அத்தியாயம் எப்படி என்று விடாமல் கேட்டேன். அதுதான் இருக்கிறதிலேயே டாப் என்றார்.

வாரங்கள் போயின. யாரும் கேட்கவில்லை. முதலில் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. பாம்புகளைப் பற்றி இரண்டாவது புத்தகம் பாதியில் நின்றுகொண்டிருந்தது. அதைத் திறந்து உட்காருவேன், யாருக்காக எழுதுகிறோம் என்று தோன்றும், மூடிவிடுவேன். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் படித்திருந்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். என்னைப்போல் வாய்த்துடுக்கு உள்ளவளுக்கு அது பெரிய இறக்கம்.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் கலைத் தம்பியின் விமர்சனம் வந்தது. ஒரே சொல். எருமை.

குழு கொதித்துப்போனது. பதிவைப் போட்டவர் உடனே விளக்கம் தர வேண்டும் என்று தலைமையாசிரியர் உத்தரவு போட்டார். எருமையும் நம் மரபில் ஒரு தெய்வத்தின் வாகனம்தான், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மருந்துக்கடைக்காரர் சமாதானம் சொன்னார். தெய்வம் எது என்று எழுதவில்லை, எமன் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மையார், 'இதைப் பார்த்து அழுதுவிட்டேன்' என்று போட்டார். என் புத்தகம் தொடர்பாக அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

எனக்கும் முதலில் முகம் சுண்டிப்போனது. பாத்திரம் கழுவிக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் கை நின்றது. ஆறாம் அத்தியாயத்தை இரண்டு தடவை படித்து, ஏழைத் தேடி, கிடைக்காமல் போன ஒருவன் என்னை வேறு என்னவென்று சொல்வான்? விட்டுப்போன பூச்சைக் கண்டுபிடிப்பதுதானே அவர் பிழைப்பு? ஈரக் கையைத் துடைக்காமலே குழுவில் எழுதினேன். அவரைத் திட்டாதீர்கள், இந்தக் குழுவில் என் புத்தகத்தைக் கடைசிவரை படித்தவர் அவர் ஒருவர்தான். பிறகு அவருக்குத் தனியாக ஒரு செய்தி: எருமை என்று சொல்ல வைத்த இடம் எது, ஞாயிற்றுக்கிழமை மாமாக் சாப்பாட்டுக் கடையில் பேசலாமா? நீண்ட நேரம் கழித்து, சரி ஆண்ட்டி, என்று வந்தது. அக்கா என்றிருக்கலாம், ஆனால் அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் பாட்டி என்றிருந்தாலும் மன்னித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் முன்னாலேயே வந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மேசைக்கு அடியில் குனிந்து எதையோ குடைந்துகொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். என் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையை மோட்டார் சைக்கிள் சாவியால் கிழித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஒளிப்பதற்கு இடமில்லாததால் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டார். ஒரு மூலை மட்டும் கிழிந்திருந்தது.

"ஆண்ட்டி, நான் அருமைன்னுதான் சொன்னேன்," என்றார். "பாலத்துல ஜாம். கையுறையோட தட்ட முடியாதுன்னு ஹெல்மெட்டுக்குள்ள இருந்தே பேசினேன். ஃபோன் எருமைன்னு எழுதிக்கிச்சு. வேலை இடத்துல ஃபோன வாங்கி வச்சிடுவாங்க. சாயங்காலம் பாத்தா, நீங்க வேற என்னை ஒரே வாசகர்னு போட்டுட்டீங்க. அதுக்கப்புறம் எப்படி லா வாயத் திறக்கிறது?"

படிக்காமலா அருமை சொன்னீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் சொன்னாங்க ஆண்ட்டி, என்றார்.

எருமை என்று திட்டியபோது அவ்வளவாக வலிக்காதது, அவர் அருமை என்றுதான் சொன்னார் என்று தெரிந்தபோது வலித்தது. நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வந்தது, அதன்மேல் நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு இடம் என்று கேட்டீர்களே, அது என்ன இடம் என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர் பின்னாலேயே வாசல்வரை வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் பாம்புப் புத்தகத்துக்காக எடுத்து வைத்திருந்த குறிப்புகளையெல்லாம் கட்டி அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன். வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார், எதற்கென்று கேட்கவில்லை. அச்சகத்துக்குச் சொல்லி, குழுவில் ஓர் அறிவிப்பைப் போட்டு, இந்தக் கூத்தை முடித்துவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். அந்த அறிவிப்பை எழுதக்கூட மனம் வரவில்லை.

ஒரு சாயங்காலம் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி சத்தம் போட்டது. கலைத் தம்பி. எனக்குத் தனியாக இல்லை, குழுவில், எல்லாரும் பார்க்கும்படி போட்டிருந்தார்.

'இந்தத் தடவை ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, கையுறையையும் கழட்டிட்டு எழுதறேன். முன்னாடி போட்ட எருமை, ஃபோன் செஞ்ச தப்பு. அப்ப நான் புத்தகத்தப் பிரிக்கக்கூட இல்ல. இப்ப முழுசா படிச்சிட்டேன். தப்பத் திருத்த வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். ஆறாம் அத்தியாயம் ரெண்டு தடவ வருது, ஏழாவது எங்க? பெட்டி விழுந்திருச்சு, குஞ்சுங்க கீழ கெடக்குது. அந்தத் தாய் ஆந்தை வந்துச்சா இல்லையா? ரெண்டாவது ஆறையும் ஒருவேளை அதுல வருமோன்னு மறுபடி படிச்சேன். பாதியில இப்படி விட்டுட்டுப் போனவங்கள எருமைன்னு சொல்லாம வேற என்ன சொல்றது, ஆண்ட்டி?'

அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன். அம்மையார் பாணியில், நன்றாக, மூக்கைச் சிந்தி. அந்த ஆந்தை திரும்பி வந்த நாளில்கூட நான் அப்படி அழவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கணினியைத் திறந்து, ஏழாம் அத்தியாயத்தை எடுத்து அவருக்கு மட்டும் அனுப்பினேன்.

குழுவில் யாரிடமிருந்தும் சத்தமில்லை. வழக்கமாக அந்நேரம் கோயில் படமும் சமையல் குறிப்புமாக வந்துகொண்டிருக்கும். அருமை போட்ட அத்தனை பேரும் வீட்டில் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. ரொம்ப நேரம் கழித்துத் தலைமையாசிரியர் எழுதினார். அந்தக் குறையைத் தாமும் கவனித்ததாகவும், நூலாசிரியரே சொல்வார் என்று கண்ணியமாகக் காத்திருந்ததாகவும். அதற்கு நான் பதிலாக ஒரே சொல் போட்டேன். அருமை.

கூடத்தில் பிளாஸ்டிக் கிழிகிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. அன்று தொலைக்காட்சி ஓடவில்லை.

மறுநாள் மத்தியானம் பாம்புக் குறிப்புகளை அலமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வாசற்படியில் வந்து நின்றார். மூக்குக் கண்ணாடி நெற்றியில், கையில் புத்தகம், ஒரு விரல் நடுப்பக்கத்துக்குள்.

"ஏம்மா, அது வந்துச்சா இல்லையா?" என்றார்.

வரிசையில் நில்லுங்கள் என்றேன்.